நீ போடாத கையெழுத்து

அன்புள்ள தம்பி,

இன்று காலை எழுந்ததும், முகம்கூடக் கழுவாமல், நான் முதலில் செய்தது உங்கள் பேண்டின் வரலாற்றை இன்னொரு முறை படித்ததுதான். அந்தப் பக்கத்தை உன் தங்கச்சி எப்போதோ என் போனில் சேமித்துக் கொடுத்தாள். மெல்பர்ன் புறநகர் ஒன்றில், ஒரு வீட்டின் பின்வளவில், தகரக் கூரை போட்ட ஷெட்டில் நான்கு பேர் தொடங்கிய ராக் பேண்ட். அதனால் டின் ரூஃப் கமிட்டி என்று பெயர். ஊரடங்குக் காலத்தில் வெளியிட்ட நான்கு பாட்டுகள். பிறகு கம்பெனி ஒப்பந்தம், முதல் ஆல்பம், ஐரோப்பியப் பயணம், எடுபடாத இரண்டாவது ஆல்பம், சண்டை, பிரிவு. இத்தனை வருட வாழ்க்கை என் விரல் இரண்டு முறை தள்ளியதும் முடிந்துவிடுகிறது. நடுவில் ஒரு வரி இருக்கிறது. "ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் தொடக்கக் கிட்டார் கலைஞர் விலகிக்கொண்டார்." அந்த வரியில் உன் பெயர்கூட இல்லை. கீழே ரசிகர்கள் தங்களுக்குத் தெரிந்ததை எழுதியிருக்கிறார்கள். பெரிய மேடை என்றதும் பயந்து ஓடியவன் என்கிறான் ஒருவன். தலைக்கனம் பிடித்தவன், மற்ற மூவரையும் இரண்டு வாரம் காக்கவைத்துக் கழுத்தறுத்தவன் என்கிறான் இன்னொருவன். நீ ஏன் கையெழுத்துப் போடவில்லை என்பதற்கான காரணம் மெல்பர்னில் இல்லை. அது இங்கே மாத்தளையில் இருக்கிறது. நாற்பத்தொன்பது வயதில், ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சமூகக் கல்வி படிப்பித்துக்கொண்டு இருக்கிறது. அந்தக் காரணம் உன் அம்மாவான நான்தான்.

இதை உன் போனுக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு மணித்தியாலத்துக்குள் "பரவாயில்லம்மா" என்று பதில் வரும். அதோடு அது மூடப்பட்டுவிடும். உன்னைப் பற்றித் தவறாக எழுதியவர்கள் ஊரறிய எழுதினார்கள். நானும் ஊரறியத்தான் எழுத வேண்டும். பத்திரிகைக்கு அனுப்பும் அதே நாளில் இதைப் படம் எடுத்து உனக்கும் அனுப்புவேன். உங்கள் பேண்டில் பாடிய மெகனுக்கு யாராவது இதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருக்கும். அது நீயாக இருந்தால் நல்லது.

நீ சின்ன வயதிலிருந்தே என்னை எதிர்த்துப் பேசியதில்லை. அதை ஒரு பெரிய குணம் என்று பள்ளிக்கூடத்து ஸ்டாஃப் ரூமில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! உயர்தரப் பரீட்சைக்கு முந்திய ஏழு மாதம் உன் கிட்டாரை அலுமாரிக்கு மேலே தூக்கி வைத்து, சாவி போட முடியாது என்பதால் அதன் மேல் இரண்டு சூட்கேசையும் அடுக்கினேன். நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோபப்படவும் இல்லை. பரீட்சை முடிந்து உன் மேசையை ஒதுக்கும்போதுதான் நீ கோடு போடும் அந்த அடிமட்டத்தைக் கண்டேன். மர அடிமட்டத்தின் பின்பக்கத்தில் பேனாவால் நீளத்துக்கு ஆறு கோடு கீறியிருந்தாய். குறுக்கே சின்னச் சின்னக் கோடுகள். விரல் பட்டுப் பட்டு மை அழிந்து, அதன்மேல் திரும்பவும் கீறியிருந்தாய். ஏழு மாதமும் சத்தம் வராத ஒரு பலகையில் நீ வாசித்திருக்கிறாய். அன்றைக்கு நான் அழுதேன். ஆனால் என்ன நினைத்து அழுதேன் தெரியுமா? "எவ்வளவு சொல் கேட்கிற பிள்ளை" என்று நினைத்து. சொல் கேட்கிற பிள்ளையிடம் எதைச் சொல்கிறோம் என்று ஆயிரம் தடவை யோசிக்க வேண்டும் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

உங்கள் முதல் நிகழ்ச்சி உனக்கு நினைவிருக்கும். அங்கே இரவு, எங்களுக்குப் பின்னேரம். உன் கூட்டாளி டொம்மின் தங்கை போனைப் பிடித்துக்கொண்டு வீடியோவில் காட்டினாள். ஒரு மதுக்கடையின் மூலையில் நீங்கள் நான்கு பேர். நீ கிட்டார், மெகன் பாட்டு, டொம் டிரம்ஸ், நிக் பேஸ். எதிரே பதினொரு பேர்தான் இருந்தார்கள். அதில் இரண்டு பேர் உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டார்கள். ஸ்பைஸ் கார்டனில் வேலை முடித்து வந்த அப்பா, மிளகுத் தூசி ஒட்டின சட்டையோடு என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்.

"என்ன பேருன்னு சொன்ன? கமிட்டியா?"

"டின் ரூஃப் கமிட்டிப்பா," என்றாள் உன் தங்கச்சி.

"நம்ம கோயில் கமிட்டி மாதிரி அடிச்சுக்காம இருந்தா சரி. இவங்கள்ல யாரு தலைவரு, யாரு பொருளாளரு?"

"எல்லாருமே செயலாளர்தான். அதான் இவ்வளவு சத்தம்."

அப்பா சிரித்துச் சிரித்து இருமினார். நீ தலையைக் குனிந்து வாசித்த இடம் ஒன்று வந்தது. மற்ற மூவரும் நிறுத்திவிட்டார்கள், உன் கிட்டார் மட்டும் கேட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்த அந்த இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவும் இருமலை நிறுத்திவிட்டார். "இவன் வீட்ல இப்படி வாசிச்சதே இல்லயே டீச்சரம்மா" என்றார் என்னிடம்.  வீட்டில் எங்கே வாசிக்க விட்டேன்?

பிறகு ஊரடங்கு வந்தது. நீங்கள் நால்வரும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாமல், அவரவர் அறையில் இருந்தபடியே வாசித்து அனுப்பி, ஒன்றாக்கி, நான்கு பாட்டுகளை வெளியிட்டீர்கள். உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்த நேரம். யார் யாரோ கேட்டார்கள். அங்கே ஒரு வானொலியில் தினமும் போட்டார்கள். மெகன் வீடியோவில் வந்து, நான் அனுப்பின மிளகை முட்டையில் அள்ளிப் போட்டுவிட்டுக் கண்ணில் தண்ணீர் வழிய, "அம்மா, உங்க மகன் இல்லன்னா எங்ககிட்ட பாட்டு இல்ல" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதே நேரம் ஒரு பயமும் வந்தது. இவர்களுக்கு இவன் இவ்வளவு தேவைப்பட்டால் எனக்கு எப்போது திரும்பிக் கிடைப்பான்? எல்லைகளை மூடியிருந்தார்கள். நீ போய் மூன்று வருடமாகியும் உன்னை நான் கையால் தொடவில்லை. திறந்ததும் டிசம்பரில் வருகிறேன் என்று நீ சொல்லியிருந்தாய். நான் கலண்டரைப் பார்த்துக்கொண்டுதான் உயிரோடு இருந்தேன்.

கம்பெனி ஒப்பந்தம் வந்தது அப்போதுதான். மூன்று ஆல்பம், உடனே ஐரோப்பா, பிறகு அமெரிக்கா, இரண்டு வருடம் ஊர் ஊராகப் பயணம். நீ என்னிடம் போனில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அம்மா, வெள்ளிக்கிழமை கையெழுத்து. போட்டா இந்த டிசம்பர் வர முடியாது. அந்த மாசமே ஒத்திகை தொடங்கிடும். நீங்க ஒருக்கா நாள் பாத்துச் சொல்லுங்க. நல்ல நேரம்னா கண்ண மூடிக்கிட்டுப் போட்டுருவேன்."

நம் வீட்டில் எல்லாவற்றுக்கும் அப்படித்தான். நீ விமானம் ஏறியது, உன் தங்கச்சி காது குத்தியது, அப்பா மோட்டார் சைக்கிள் எடுத்தது, எல்லாம் பல்லேபொல ஊரில் ஜாதகம் பார்க்கும் சிங்கள மாத்தயாவிடம் கேட்டுத்தான். இந்தத் தடவையும் மறுநாளே நானும் அப்பாவும் த்ரீவீலரில் போனோம். அப்பாவுக்குச் சிங்களம் நன்றாக வரும். ஆனாலும் ஜாதகம் பார்க்கும் இடத்துக்குள் வர அவருக்குப் பயம். வழக்கம்போலச் சந்திக் கடையில் பிளேன்டீ குடிக்க நின்றுவிட்டார். உன் ஜாதகக் கொப்பியோடு நான் மட்டும் உள்ளே போனேன். மாத்தயா நிறைய நேரம் எடுக்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சிரித்தார். "நோனா, பிள்ளைக்கு சுக்கிர தசை. கலைக்கும் வெளிநாட்டுக்கும் இதைவிட நல்ல காலம் இல்லை. வெள்ளிக்கிழமை இன்னும் நல்லது. தாராளமாகப் போடச் சொல்லுங்கள்" என்றார். அவர் சிங்களத்தில் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. விளங்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

அந்த வாசலிலிருந்து சந்திக் கடைக்கு ஐம்பது அடி இருக்கும். அந்த ஐம்பது அடிக்குள் நான் பொய்யைத் தயார் செய்துவிட்டேன். பெரிய திட்டமெல்லாம் இல்லை, தம்பி. ஒரே ஒரு டிசம்பர்தான் என் மனதில் இருந்தது. "என்ன சொன்னாரு?" என்று அப்பா கேட்டார். "சனி தசை தொடங்கியிருக்காம். இப்ப கையெழுத்து வேணாமாம். தை பொறந்த பிறகு பாத்துக்கலாமாம்" என்றேன். அவர் முகம் கறுத்துவிட்டது. கிளாசை அப்படியே வைத்துவிட்டார். அன்று பின்னேரம் உன்னிடமும் அதையேதான் சொன்னேன்.  "சரிம்மா" என்றாய். அவ்வளவுதான். ஏன் என்று நீ ஒரு சொல் கேட்டிருந்தால்கூட நான் உடைந்திருப்பேன். இதை உன்மேல் பழியாகச் சொல்லவில்லை. அலுமாரிக்கு மேல் கிட்டாரை வைத்த நாளிலிருந்து ஏன் என்று கேட்காமலிருக்க உன்னைப் பழக்கியவளே நான்தானே.

நீ அவர்களிடம் தைவரை பொறுக்கச் சொன்னாய். என்ன காரணம் சொன்னாயோ தெரியாது. அம்மா நாள் பார்த்தாள் என்று சொல்லியிருக்க மாட்டாய். வீட்டுப் பிரச்சினை என்று சொல்லியிருப்பாய். அவர்கள் இரண்டு வாரம் பொறுத்தார்கள். நீ டிசம்பரில் வீட்டுக்கு வந்தாய். நான் முறுக்குப் பிழிந்து டின்னில் போட்டு வைத்திருந்தேன். நீ வந்த மூன்றாம் நாள், முன்வாசல் படியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். மெகனின் செய்தி. கம்பெனி இனிப் பொறுக்காது, வேறு ஒருவரைச் சேர்த்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டோம், மன்னித்துக்கொள். நீ அதை எனக்கு வாசித்துக் காட்டினாய். பிறகு என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தாய்.

"பாத்தீங்களாம்மா? நீங்க சொன்னபடியே நடந்துருச்சு. சனி தசைன்னா சனி தசைதான்."

என் பொய்யால் வந்த இழப்பை, என் பொய் உண்மை என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டாய். அந்தப் படியிலேயே உன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். உடனே மெகனைக் கூப்பிடு என்று கத்தியிருக்க வேண்டும். நான் முறுக்கு டின்னைக் கொண்டுவந்து உன் முன்னால் வைத்தேன். நீ ஒன்று எடுத்துக் கடித்தாய். மூன்று வருடம் ஏங்கிய அந்த டிசம்பரில் நீ என் வீட்டில் இருந்தது மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் உன் முகத்தை நேராகப் பார்க்க என்னால் முடியவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நானும் உன்னைப்போலத் தூரத்திலிருந்துதான் பார்த்தேன். முதல் ஆல்பம் வந்தது. ஒன்பது பாட்டில் ஐந்து, நீ வாசித்து உருவாக்கியவை. வேறொருவரின் விரல்கள் அவற்றை வாசித்தன. நன்றிப் பட்டியலில் உன் பெயர் இருந்தது, அதுவும் யாரோ ஒரு வான் ஓட்டுநரின் பெயருக்குப் பிறகு. ஐரோப்பாவில் அவர்கள் மேடையில் நின்ற படங்களை உன் தங்கச்சி எனக்குக் காட்டாமல் மறைத்தாள். நான் தேடிப் பிடித்துப் பார்த்தேன். இரண்டாவது ஆல்பத்தில் பாட்டே இல்லை என்று எழுதினார்கள். மெகன் சொன்னது சரிதான். பிறகு அந்தக் கிட்டார்காரர் போனார், நிக் போனார், கமிட்டி கலைந்தது. அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே "கோயில் கமிட்டி மாதிரியே ஆயிருச்சா?" என்றார். அவர் சிரிக்கவில்லை.

உன் கதை எந்தப் பக்கத்திலும் இல்லை. படிப்பை முடித்தாய். ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறாய். மேற்பார்வையாளராகக் கூப்பிட்டபோது வேண்டாம் என்றாய். பழகிய பெண்ணிடம் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டேன் என்றாய். "எதுக்கும்மா அவளையும் சேத்து இழுக்கணும், சனி தசை பத்தொம்பது வருஷம்தானே, நாப்பது வயசு வரட்டும்" என்று பகிடிபோலச் சொல்வாய். நான் தைவரை என்றுதான் சொன்னேன், தம்பி. பத்தொன்பது வருடம் என்பதை நீயாக எங்கோ தேடிப் படித்திருக்கிறாய். நான் ஒரு மாதத்துக்காகச் சொன்ன பொய்க்கு அத்தனை நீளம் இருந்தது எனக்குத் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசினாய். மெகன் கூப்பிட்டிருக்கிறாள். முதல் நான்கு பேரும், முதல் நான்கு பாட்டோடு, கடைசியாகப் பத்து ஊரில் வாசிப்பதாக ஏற்பாடு. நீ இல்லையென்றால் நடத்துவதில்லை என்று சொல்லிவிட்டாளாம். இந்த மாத முடிவுக்குள் பதில் வேண்டும். "மாட்டேன்னு சொல்லப் போறேன்மா" என்றாய். "இன்னொரு தடவ அவங்கள நடுவழியில விட முடியாது. என் நேரம் அப்படி." நான் போனைக் காதில் வைத்தபடி நின்றேன்.  "சரிம்மா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்தாய்.

ஐந்து நாளாக யோசிக்கிறேன். உன்னிடம் "போ" என்று சொல்ல என் மனம் துடிக்கிறது. சொன்னால் போவாய். ஆனால் அதுவும் அம்மா சொன்னதால் போனதாகத்தான் இருக்கும். மேடையில் ஒரு கம்பி அறுந்தால்கூட அம்மா சொன்னது தவறாகிவிட்டது என்பாய், அல்லது சனி என்பாய். போகாதே என்று சொல்லவும் எனக்கு வாயில்லை. பேசாமலிருந்தாலும் அது உனக்கு ஒரு பதில்தான். என் நாக்கை எந்தப் பக்கம் புரட்டினாலும் அது உன் கழுத்தில்தான் போய் விழுகிறது. மாத்தயாவிடம் திரும்பப் போய் உண்மையை எழுதி வாங்கி அனுப்பலாமா என்றும் யோசித்தேன். அவர் போன வருடம் காலமாகிவிட்டார். கொப்பி இருக்கிறது. அதில் உன் தசையின் பெயர் எழுதியிருக்கிறது. நீ யாரிடம் காட்டினாலும் சுக்கிர தசை என்றுதான் சொல்வார்கள். ஆனால் அதைப் பார்த்து நீ முடிவெடுக்கவும் நான் விரும்பவில்லை. உனக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று. இனி யார் எதைச் சொன்னாலும், நான் சொன்னாலும், ஏன் என்று கேள். கேட்டால் எனக்கு வலிக்கும். வலிக்கட்டும்.

உனக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பல்லேபொலயிலிருந்து வந்த வாரத்திலிருந்து அப்பா சனிக்கிழமை விரதம் இருக்கிறார். காலையில் குளித்துக் கோயிலுக்குப் போய் எள் விளக்குப் போடுவார். பொழுதுபடும்வரை வாயில் தண்ணீரைத் தவிர எதுவும் படாது. உனக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடமும் உன் தங்கச்சியிடமும் சத்தியம் வாங்கினார். அவருக்கு இரத்தத்தில் சீனி கூடி, சீனி வருத்தம் வந்து இரண்டு வருடம். வயிறு காயவிடக் கூடாது என்று டாக்டர் சொன்னதை நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். "விடுங்களேன், உங்க ஒடம்பு தாங்காது" என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்வேன். "புள்ளைக்கு வந்தத நான் கொஞ்சம் வாங்கிக்கிறேன், உனக்கென்ன டீச்சரம்மா?" என்பார். போன சனிக்கிழமை மிளகு காயப்போட்ட பாயிலேயே தலைசுற்றி விழுந்துவிட்டார். கூட வேலை செய்கிறவர்கள் தூக்கி உட்காரவைத்து இனிப்பு டொபி கொடுத்திருக்கிறார்கள். அதை வாயில் போடாமல் பொக்கெட்டில் வைத்துக்கொண்டு வந்தார். விரதமாம். அந்தச் சட்டையைத் தோய்க்கும்போது டொபி உருகி ஒட்டியிருந்தது. இல்லாத ஒரு சனிக்காக இந்த மனிதர் நான்கு வருடத்துக்கு மேலாகப் பட்டினி கிடக்கிறார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து வேளை தவறாமல் சாப்பிடுகிறேன்.

உன்னிடம் காகிதத்தில் சொல்கிறேன். அது ஒருவகையில் சுகம். உன் முகம் மாறுவது எனக்குத் தெரியாது. அவரிடம் அப்படிச் சொல்ல முடியாது. முப்பது வருடமாக நான் சொன்னதையெல்லாம் நம்பிய ஒருவர். கேட்டதும் கத்துவாரா, எழுந்து போய்விடுவாரா, உன்னைப்போல "பரவாயில்ல" என்பாரா, எனக்குத் தெரியவில்லை. கடைசியாகச் சொன்னதற்குத்தான் எனக்கு அதிகம் பயம்.

இன்று வெள்ளிக்கிழமை. இந்தக் கடிதத்தை உறையில் போட்டு மேசையில் வைக்கப்போகிறேன். நாளைக்கு முன் அனுப்ப மாட்டேன். நாளை விடிந்ததும் அப்பா குளித்துவிட்டு வருவார். நான் சுடச்சுட ரொட்டி தட்டி, கட்டச்சம்பலும் அரைத்து, அவர் முன்னால் தட்டை வைக்கப்போகிறேன். "இன்னைக்குச் சனிக்கிழமைல்ல?" என்று கேட்பார். உட்காருங்க என்பேன். அவர் ஒரு வாய் சாப்பிடுவதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். இதை உன் தங்கச்சியிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

அம்மா